நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

"எங்க காலனிப் பாதைய எடுக்காதீங்க. வர்ற அஞ்சு வருசத்துக்கு அதுக்கும் பராமரிப்பு ஒதுக்குங்க."

செவ்வந்தி சொல்லிவிட்டாள். சொல்லவே கூடாது என்று இரண்டு பேர் இரண்டு விதமாக அவளிடம் சொல்லி வைத்திருந்த வார்த்தைகள். வேலைக்குச் சேர்ந்த அன்று செயற்பொறியாளர் வரதராஜன் சொன்னார்: "பாதை வாரியத்துல யாரும் தன் தெருவுக்குன்னு வாய் திறக்கக் கூடாதும்மா. அதுக்காகத்தான் இந்த ஏற்பாட்டையே கொண்டு வந்தோம்." அதற்கு முந்தின நாள் அப்பா பால்சாமி சொன்னார்: "போற இடத்துல நம்ம தெருவுக்குன்னு எதையும் கேட்டுறாத பாப்பா. கேட்டா எந்தத் தெருன்னு கேப்பாங்க."

கூட்ட அறையில் ஒன்பது பேர். ஏ.சி. இரைச்சல் அதுவரை யார் காதிலும் விழவில்லை, இப்போது விழுந்தது. ஆணையர் வசுமதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"எந்தக் காலனி?"

அப்பா சொன்னது சொன்னபடி.

"ஊசிப்பாறை மேடம். ஊருக்குக் கிழக்கால இருக்கிறது. உதயம் நகர்னு பேர் மாத்திப் பதினஞ்சு வருசம் ஆச்சு. கண்டக்டர்கிட்ட உதயம் நகர்னு சொன்னா, காலனிதானன்னு திருப்பிக் கேப்பாரு."

வரதராஜன் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஐந்து வருடமாக எதிரெதிர் மேசை. ஊசிப்பாறை என்று சொல்லியிருந்தாள். ஊசிப்பாறையில் எங்கே என்று அவள் சொன்னதுமில்லை, அவர் கேட்டதுமில்லை.

"செவ்வந்தி, பட்டியல் நம்ம போட்டது இல்லையேம்மா. கல்லு போட்டது."

நிதித்துறையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த துரைப்பாண்டி கையைத் தூக்கினார். "எனக்கு ஒண்ணும் புரியல சார். கல்லு எப்படிப் பட்டியல் போடும்?"

வரதராஜனுக்குப் பிடித்த பாடம் அது. "நடைபாதை, சைக்கிள் பாதை எல்லாத்துலயும் எண்ணுகல் பதிச்சிருக்கோம் சார். மேல கால் விழுந்தா அதுக்குத் தெரியும். எவ்வளவு பாரம், செருப்பா, ஷூவா, வெறுங்காலா, எல்லாம் தெரியும். கைரேகை மாதிரி நடையும் ஆளுக்கு ஒரு மாதிரிங்கிறதால ஒருத்தர் எங்க ஏறினார், எங்க இறங்கினார்னு முழு நடையும் பதிவாயிடும். ஆனா பேர் தெரியாது. பேர் பூட்டு போட்டு உள்ள இருக்கும். நடந்தவரே ஒப்புதல் கொடுத்தாத்தான் திறக்கும். எந்தப் பாதையில எத்தனை நடையோ, அந்த அளவுக்குப் பராமரிப்புப் பணம். மனு இல்ல, சிபாரிசு இல்ல."

"சிபாரிசே இல்லையா? அப்ப எங்க ஊரு எம்.எல்.ஏ. பொழுதுக்கும் என்னதான் பண்றாரு?"

"நடக்கிறாரு" என்றார் வரதராஜன். "வீட்டு வாசல் பாதையில காலையில நாலு சுத்து, சாயங்காலம் நாலு சுத்து. குடும்பத்தோட."

எல்லோரும் சிரித்தார்கள். செவ்வந்தி சிரிக்கவில்லை. ஒரு காலத்தில் இந்தக் கல்லை அவள் உயிராக நேசித்தாள். வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. கல்லூரியில் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் யார் என்று கேட்கும் கட்டத்தை நிரப்பி, ஒவ்வொரு வரிசையிலும் தனியாக நின்று வந்தவளுக்கு, நீ யார் என்று கேட்காமல் காலை மட்டும் எண்ணும் கல் என்றால் சும்மாவா? அரசாங்கமே இப்படி ஆகிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தவள்.

"அறுபத்து மூணாவது வரி" என்று ஆணையர் படித்தார். "ஊசிப்பாறை கிழக்கிலிருந்து கோயில் தெரு முனை வரை, ஒரு கிலோமீட்டர் நூறு மீட்டர். கைவிடப்பட்ட பாதை. கற்களைப் பெயர்த்து வேறிடத்தில் பதிக்கலாம். ஒரு வருசத்துல நடை வெறும் பதினொண்ணு. சைக்கிள் பூஜ்யம். ஆள் நடக்காத பாதைக்கு நான் எப்படி ஒதுக்க முடியும்?"

"எரநூத்து நாப்பது வீடு மேடம். பஸ் நிக்கிறது ஊருக்கு மேற்க. கோயில் தெரு வழியாத்தான் போயாகணும். தினம் எண்ணூறு பேருக்குக் குறையாது. போன ஐப்பசி மழையில பாதையோட ஓரம் அரிச்சுப்போய், எங்க சித்தி சைக்கிள்ளேர்ந்து பால்கேனோட விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சது. இன்னைக்கு வரைக்கும் ஒரு சட்டி மண்ணு போடல."

"அப்ப அந்த எண்ணூறு பேர் எங்க?"

"வடிகட்டியில மாட்டிக்கிட்டாங்க."

"எந்த வடிகட்டி?"

செவ்வந்திக்குக் காது மடல் சுட்டது. "நான் எழுதினது மேடம்."

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தைமாதம். பாதயாத்திரைப் பக்தர்கள் லட்சக்கணக்கில் நடந்துபோக, அந்த வழியில் இருந்த பாதைகளின் கணக்கு வானத்துக்கு ஏறிவிட்டது. ஒரு மாதக் கூட்டத்துக்கு ஒரு வருடப் பணம் போய்க்கொண்டிருந்தது. சேர்ந்து இரண்டே வருடமான செவ்வந்திதான் வழி கண்டுபிடித்தாள். பக்தர்கள் வெறுங்காலில் நடக்கிறார்கள். வெறுங்காலை விலக்கிவிடு. அதிலும் ஒரு சாமர்த்தியம் செய்தாள்: உச்சி வெயிலில் சிலர் கொஞ்ச தூரம் செருப்பு மாட்டிக்கொள்வார்கள், ஆகவே ஒரு நடையில் எங்காவது ஓரிடத்தில் வெறுங்கால் வந்தால்கூட அந்த நடை முழுவதையும் தள்ளிவிடு. ஆள் பாரம் இல்லாமல் உருளும் சக்கரம் தள்ளுவண்டி, அது சைக்கிள் கணக்கில் வராது. இந்த மொத்த விதிக்கும் 'பக்தி நடை' என்று பெயர் வைத்ததும் அவள்தான். வாரியம் கேடயம் கொடுத்தது. அப்பா அதை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்து வாரம் ஒருமுறை துடைக்கிறார்.

"சரி" என்றார் ஆணையர். "அதுக்கும் உங்க காலனிக்கும் என்ன சம்பந்தம்?"

செவ்வந்தி திரையில் ஒரு படத்தை ஏற்றினாள். நீளமான ஒரு கோடு. அதில் எண்ணூறு நடைகள் ஒன்றின் மேல் ஒன்றாக. கிழக்கிலிருந்து ஆயிரத்து நூறு மீட்டர் வரை செருப்பு. அப்புறம் கத்தி வைத்து அறுத்தாற்போல் ஒரே இடத்தில் எல்லாம் வெறுங்கால், ஐந்து விரலும் தனித்தனியாக. நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் கழித்து மறுபடி செருப்பு. சைக்கிள்களும் அப்படியே. ஆயிரத்து நூறு மீட்டர் வரை சக்கரத்தின் மேல் ஆள். பிறகு ஆள் கீழே, சக்கரம் பக்கத்தில்.

துரைப்பாண்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அந்த எடத்துல என்ன இருக்கு?"

"கோயில் தெரு" என்றாள்.

"அதான பாத்தேன்" வரதராஜன் நிம்மதியாக மூச்சு விட்டார். "கோயில் இருக்கும்மா. ஜனங்க சாமிக்கு மரியாதை குடுத்துக் கழட்டுறாங்க. பக்தி நடைதானே. விதி சரியாத்தான் பிடிச்சிருக்கு."

"கோயில் அந்தத் தெருவுக்கு நடுவுல இருக்கு சார், இருபது மீட்டர் அகலத்துக்கு. மிச்சம் முந்நூத்தித் தொண்ணூத்திரண்டு மீட்டரும் வீடு. அந்த வீட்டுக்காரங்க அதே கல்லு மேல, கோயில் வாசலத் தாண்டி, செருப்போடதான் போறாங்க. இதோ பாருங்க, அவங்க கால். கிழக்கேர்ந்து வர்றவங்க மட்டும்தான் கழட்டுறாங்க. கழட்டிக் கையில பிடிச்சிருக்காங்க. எங்க ஊர்ல அது வழக்கம். செருப்பப் போட்டுக்கிட்டு, சைக்கிள்ல உக்காந்துக்கிட்டு, அந்தத் தெருவுல நாங்க போகக் கூடாது."

"யார் சொன்னாங்க அப்படி? போர்டு வச்சிருக்காங்களா?" என்று துரைப்பாண்டி கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார்.

"போர்டு வச்சாத்தான் நல்லாருக்குமே சார். கல்லெறிஞ்சு ஒடச்சிருப்போம்."

ஆணையர் தண்ணீர் குடித்தார். "இது தீவிரமான விஷயம். ஒரு படத்தை வச்சுக் குழு முடிவெடுக்க முடியாது. யாராவது ஒருத்தர் பேரோட வந்து, என் நடை இது, நான் இதுக்காகத்தான் கழட்டினேன்னு சொல்லணும். ஒருத்தராவது ஒப்புதல் கொடுத்திருக்காங்களா?"

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் செவ்வந்தி அந்த ஒப்புதல் தாளைத்தான் அப்பாவிடம் நீட்டினாள். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார். மடித்து அவளிடமே கொடுத்துவிட்டார்.

"இத நீ கண்டுபிடிச்சியா?"

"ஆமாப்பா. போன வாரந்தான் பதிவு எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன்."

"ஏன் பாப்பா, கல்லு சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா? நீயும் பிளஸ் டூ வரைக்கும் அந்தத் தெருவுல சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போனவதான. கவர்மெண்டு ஓசியாக் குடுத்த சைக்கிள்."

தெரியும். தெரிந்துதான் இருந்தது. வெறுங்கால் என்றதும் லட்சம் பக்தர்களின் கால் அவள் நினைவுக்கு வந்தது. பெற்ற தகப்பனின் கால் வரவில்லை. வெளியூரில் படித்து, வெளியூரில் விடுதி, வெளியூரில் வேலை என்று அதை எங்கேயோ ஒரு மூட்டையில் கட்டிப் போட்டுவிட்டு, கட்டிப் போட்டதையும் மறந்திருந்தாள்.

"அந்தக் கல்லப் பதிச்சதே நான்தான்" என்றார் பால்சாமி. "காண்ட்ராக்டர் எல்லாருக்கும் பெரிய பூட்ஸ் குடுத்தான், கால்ல கல்லு விழுந்துறக் கூடாதுன்னு. மத்த எடத்துல எல்லாம் மாட்டிக்கிட்டுப் பதிச்சேன். கோயில் தெரு வந்ததும் ரெண்டையும் கயித்துல கோத்துத் தோள்ல போட்டுக்கிட்டேன். காண்ட்ராக்டர் சிரிச்சான். பூட்ஸு தோளுக்கு இல்லய்யா, காலுக்குன்னான்."

அவரும் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கையெழுத்துப் போடுங்கப்பா. ஒருத்தர் பேர் இருந்தாப் போதும். இல்லாட்டி பாதையத் தோண்டி எடுத்துருவாங்க. நீங்க பதிச்ச கல்லு."

"எடுத்தா எடுக்கட்டும். மண்ணுல நடந்துக்கறேன். என் கால வெள்ளித்திரையில போட்டுக்காட்டி, இந்தாளு இந்த எடத்துல கழட்டுவாரு, இந்த எடத்துல மாட்டுவாருன்னு பெரிய ஆபிசருங்க குச்சி வச்சுத் தொட்டுக்காட்டணுமா? எனக்கு வெக்கமா இருக்கு பாப்பா."

"வெக்கப்பட வேண்டியது நீங்க இல்லப்பா."

"அப்ப யாரு?"

அவள் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். காலனியில் பதினெட்டு வீடு ஏறி இறங்கினாள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. கோபப்பட்டும் பார்த்தாள். சித்தி மட்டும் உடைந்த கையைக் காட்டி, "இந்தக் கையால எப்படித்தா போடுறது?" என்றாள். உடைந்தது இடது கை.

"இருக்கு மேடம்" என்றாள் செவ்வந்தி இப்போது. "ஒரே ஒருத்தரோட பதிவு திறந்திருக்கு."

திரையில் எண்ணூறு நடைகளும் மறைந்து ஒன்று மட்டும் மிஞ்சியது. தனியான ஒரு நடை. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி, காலை பதினொன்றேகால்.

"செருப்பு இல்லையே, ஷூ மாதிரி இருக்கே" என்றார் துரைப்பாண்டி. இந்த அரை மணி நேரத்தில் அவர் கால் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

வரதராஜன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். அடிப்பாகத்தில் வரிவரியாகக் கட்டம் போட்ட தடம். குதிகாலில் ஒரு முக்கோணக் குறி. "இது நம்ம ஆய்வு ஷூ. வாரியம் கொடுத்தது. ஆய்வாளர் காலைத் தனியா அடையாளம் தெரியணும்னு குறி போட்டிருப்போம். நம்ம ஆளுங்க எல்லாரும் சேரும்போதே ஒப்புதல் கொடுத்தவங்கதான்." விரலால் கோட்டைத் தொடர்ந்துகொண்டே போனார். ஆயிரத்து நூறு மீட்டர் வரை ஷூ. அங்கே விரல் நின்றது. ஐந்து விரல், மெலிந்த பாதம். நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர். மறுபடி முக்கோணம்.

"யாரு இது?" என்றார் ஆணையர்.

வரதராஜன் திரும்பவில்லை. அன்றைக்கு ஜீப்பில் வந்தவர் அவர்தான். மண் ரோடு வழியாகச் சுற்றிப்போய் அவளைக் கிழக்கு முனையில் இறக்கிவிட்டு, பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார். கையில் அளவுப் பலகையும், கழுத்தில் அடையாள அட்டையுமாக அவள் பாதையைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தாள். தன் வீடு இருக்கும் சந்தின் முனையைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்காமல்தான் வந்தாள். கோயில் தெரு முடிகிற இடத்தில் சிறு பாலத்தின் மேல் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "என்னம்மா, ஷூக்குள்ள கல்லு போயிருச்சா?" "ஆமா சார்" என்றாள். அப்போது அது பொய் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஷூ ஏன் கையில் இருந்தது என்று அவளே யோசித்துப் பார்க்கவில்லை. முனை வந்ததும் கால் தானாகக் கழற்றியிருக்கிறது. பொறியாளர், அரசு ஊழியர், அந்தப் பாதைக்கே அதிகாரி. யாரும் அவளை நிறுத்தவில்லை, யாரும் பார்க்கக்கூட இல்லை. கால் கழற்றியது, கை பிடித்துக்கொண்டது.

இதைத்தான் ஞாயிறு மாலை அவள் பதிவுகளுக்கிடையில் கண்டாள். 'ஒப்புதல் உள்ளவை' என்று தேடினாள். ஒன்று என்று வந்தது. திறந்தால் அவள் பெயர். கல் யாரையும் யார் என்று கேட்பதில்லை. அவளையும் கேட்கவில்லை. எண்ணூறு பேரோடு சேர்த்து அவளையும் பக்தை என்று எழுதித் தள்ளி வைத்திருந்தது, அவள் எழுதிய விதிப்படியே.

"நான்தான் மேடம்" என்றாள். "எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அதையும் எழுதிக்கங்க."

துரைப்பாண்டி தன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். வரதராஜன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார், கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆணையர் மோசமானவர் இல்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். திறந்தபோது முடிவோடு திறந்தார்.

"சரி. வடிகட்டியை எடுத்துடலாம். வெறுங்கால் நடையும் முழு நடைதான். உங்க பாதை தப்பிச்சது, போதுமா? அறுபத்து மூணாவது வரியை அடிச்சுடுங்க." பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "இந்தப் பதிவைக் கூட்டக் குறிப்புல சேர்க்க வேண்டாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு யாராவது எடுத்துப் பார்ப்பாங்க. உங்களுக்கு எதுக்கு இந்த அவமானம்?"

"காரணம்னு என்ன எழுதுவீங்க?"

வரதராஜன் முந்திக்கொண்டார். உதவி செய்கிற அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது. "வெறுங்காலுக்கு உகந்த பாதைன்னு எழுதலாம் மேடம். அந்த நானூத்திப் பன்னெண்டு மீட்டருக்கு மட்டும் வழவழப்பா, சூடு ஏறாத கல்லு வந்திருக்கு. அதைப் பதிச்சுட்டா ஜனங்களுக்குக் காலும் சுடாது. சிறப்பு நிதியும் கிடைக்கும்."

செவ்வந்தி அவரையே பார்த்தாள். ஓரம் அரித்துப்போன காலனிப் பாதைக்கு ஒரு சட்டி மண்கூட இல்லை. கோயில் தெருவுக்குச் சூடு ஏறாத கல். கழற்றுகிறவர்கள் சுகமாகக் கழற்றலாம்.

"சார், எங்கப்பா உங்க வயசுதான்" என்றாள். "அவர அந்தக் கல்லப் பதிக்கச் சொல்லி ஆள் அனுப்புவீங்களா?"

வரதராஜன் மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"காரணத்த உள்ளபடி எழுதுங்க மேடம்."

"உள்ளபடி எழுதினா அது வேற துறை, செவ்வந்தி. போலீஸ், கலெக்டர், விசாரணைன்னு போகும். நம்ம வேலை பாதை. எழுதாம விட்டா உங்களுக்குப் பாதை கிடைக்கும். யோசிச்சுச் சொல்லுங்க, அவசரம் இல்ல."

யோசிக்க என்ன இருக்கிறது? அந்த நிமிடம்கூட ஒரு பக்கம் மனம், விடு, பாதை வந்துவிட்டது, வாயை மூடு என்றது. அது அப்பாவின் குரலில் சொன்னது. அதனால்தான் அவள் காலையிலேயே அந்தக் குரலை நம்பாமல் வேறு ஏற்பாடு செய்திருந்தாள்.

"காலையில ஒம்பது மணிக்கே பொதுப் பதிவேட்டுல ஏத்திட்டேன் மேடம். என் நடை மட்டும். என் பேரு, என் வேலை, எந்த எடத்துல கழட்டினேன், ஏன் கழட்டினேன், எல்லாம். மத்தவங்க கால் ஒண்ணுகூட அதுல இல்ல. அதுல ஏறுறதெல்லாம் அந்தந்த ஊர் மின்பலகையில தானா ஓடும். ஊசிப்பாறை பஸ் ஸ்டாப் பலகையில இந்நேரம் ஓடிக்கிட்டிருக்கும்."

"அதை நிறுத்தலாம்" ஆணையர் வரதராஜனைப் பார்த்தார். "நிறுத்த முடியும்தானே?"

"முடியாது மேடம். பதினாலாவது விதி. நடந்தவரே கொடுத்த பதிவை வாரியம் திரும்ப எடுக்க முடியாது." அவர் கண்ணாடியை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். "அதையும் இவதான் எழுதினா."

செவ்வந்தி மடிக்கணினியை மூடினாள். கேடயம் வாங்கித் தந்த விதியை நீக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு ஆணையர் பக்கம் தள்ளி வைத்தாள். "நான் கெளம்புறேன் மேடம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எங்க?"

"ஊருக்கு."

"செவ்வந்தி." வரதராஜன் எழுந்து நின்றார். "அன்னைக்கு நான் கேட்டேனேம்மா, ஷூக்குள்ள கல்லு போயிருச்சான்னு. எனக்கு நெஜமாவே..." முடிக்கத் தெரியாமல் நின்றார்.

"தெரியும் சார். எனக்கும் தெரியல."

கதவைத் திறந்தாள். தாழ்வாரத்தில் வெயில் விழுந்திருந்தது. கைப்பேசி அதிர்ந்தது. அப்பா பேசிப் பதிந்து அனுப்பியிருந்தார். காலையில் அவரிடம் அவள் ஒரே ஒரு வேலை சொல்லியிருந்தாள். பழைய சைக்கிளுக்குக் காற்றடித்து மத்தியானத்துக்குள் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டு வந்துவிடுங்கள் என்று. ஏன் என்று அவர் கேட்கவில்லை.

காதில் வைத்தாள். பின்னால் பஸ் சத்தம், யாரோ பலகையில் ஓடுவதை உரக்கப் படிக்கும் சத்தம். நடுவில் அப்பா.

"வந்துட்டேன் பாப்பா. போர்டுல உன் பேரு ஓடுது. நாலு பேரு நின்னு படிக்கிறாங்க, எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது. காத்து ரெண்டு டயருக்கும் அடிச்சாச்சு. செயினுக்கு எண்ணெயும் விட்டேன்." சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். "நான் தள்ளிக்கிட்டுத்தான் வந்தேன். திரும்பிப் போறத நீ பாத்துக்க."

அலுவலக வாசல் எண்ணுகல் மேல் முக்கோணம் பதிய மிதித்துக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள்.